நேரே பின்னுக்குப் போங்கோ

சித்திரை கடைசியில் ரொறன்ரோவுக்கு வடக்கே காரில் போனால் ஒரு காட்சி கட்டாயம் கண்ணில் படும். ஆறு மாதமாக வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் இறுக்கிச் சுற்றி வாசலில் விட்டிருந்த பெரிய பொதிகளைக் கத்தியால் கீறிப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே படகு. பிரித்த கையோடு சிலர் முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று அட்டையும் ஒட்டிவிடுவார்கள். பனி கரைந்து வெயிலும் எறிக்க, என்னைப் போன்ற ஆட்களுக்குப் படகு ஆசை வருகிற நேரம் அதுதான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு அந்த ஆசை வந்து நாலு வருசம். பிள்ளைகளைச் சிம்கோ ஏரியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும், பின்னால் ரியூப் கட்டி இழுக்கவேண்டும், நடு ஏரியில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் கொத்துரொட்டி சாப்பிடவேண்டும். புதுப் படகின் விலையைக் கேட்டு ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். பிறகு பழையது பார்ப்போம் என்று இறங்கினால், விளம்பரங்களில் வந்ததெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது அடி ஸ்டெர்ன்டிரைவ் படகுகள். விலை மலிவு. ஏன் மலிவு என்று நான் யோசிக்கவில்லை. சித்தப்பா யோசித்தார்.

சித்தப்பா பருத்தித்துறைக் கரையில் இருபது வருசம் அவுட்போர்ட் எஞ்சின் திருத்தியவர். மண்ணெண்ணெயில் ஓடுகிற யமஹாவைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். கனடாவுக்கு வந்தபிறகு ஸ்காபரோவில் ஒரு கார் கராஜில் வேலைசெய்து, முழங்கால் நோவோடு ஓய்வெடுத்தவர். நான் போனில் முதல் படத்தைக் காட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"உதென்னடா, எஞ்சின் உள்ளுக்கும் கால் வெளியிலையும்?"

ஸ்டெர்ன்டிரைவ் என்றால் அவ்வளவுதான். கார் எஞ்சின் ஒன்றைப் படகின் பின்பக்கத்தில், சீற்றுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். பின்சுவருக்கு வெளியே, அவுட்போர்ட்டின் கீழ்ப்பாதி மாதிரி ஒரு கால் தொங்கும். அந்தக் கால்தான் திரும்பும், ஏறும், இறங்கும், புரொப்பெல்லரைச் சுற்றும். 1959இல் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் வோல்வோ பென்டா தன் 'அக்வாமட்டிக்'கைக் காட்டியபோதுதான் இந்த வகை சந்தையில் பிடித்தது. 1961இல் மெர்குரூசர் வந்தது. வட அமெரிக்க ஏரிகளில் பழைய ஸ்டெர்ன்டிரைவ் என்று நீங்கள் பார்க்கப்போவதில் பெரும்பாலானது இந்த இரண்டில் ஒன்றுதான். உள்ளே இருக்கிற எஞ்சின் அனேகமாக ஜெனரல் மோட்டர்ஸ் வார்ப்பு: மூன்று லீற்றர் நாலு சிலிண்டர், 4.3 லீற்றர் வீ-6, 5 அல்லது 5.7 லீற்றர் வீ-8. ஷெவர்லே பிக்கப்பில் ஓடிய 4.3உம் 5.7உம் இவற்றுக்குச் சகோதரங்கள். சித்தப்பாவுக்குக் காலும் தெரியும், எஞ்சினும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஓட்டைதான் அவருக்குப் புதிது.

எஞ்சினையும் காலையும் இணைக்கப் பின்சுவரில் ஒரு பெரிய ஓட்டை வெட்டவேண்டும். அந்தச் சுவருக்கு ட்ரான்ஸம் என்று பெயர். ஓட்டையின் கீழ்ப்பாதி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். அதன் வழியாகச் சுழல்கிற தண்டு, எஞ்சின் புகை, கியர் கேபிள் மூன்றும் வெளியே போகின்றன. தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது பெலோஸ் என்கிற, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான இறப்பர்க் குழாய்கள். இதை நான் வரைந்து காட்டினேன். சித்தப்பா கொஞ்சநேரம் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனிசர் ஆராவது வேணுமெண்டு வள்ளத்திலை தண்ணி மட்டத்துக்குக் கீழை ஓட்டை வெட்டுவினமோ? அதை இறப்பராலையும் மூடுவினமோ?"

"வெட்டுகினம்தான் சித்தப்பா."

"அப்ப நீ படகு வாங்கேல்லை, ஓட்டை வாங்கப்போறாய். ஓட்டையைப் பாக்க நானும் வாறன்."

முதலில் பார்த்தது கெஸ்விக்கில் ஒரு பத்தொன்பதடி. கட்டிய கம்பனியின் பெயர் வேண்டாம், பிழை அவர்களுடையதுமல்ல. வெள்ளைச் சீற், நீல நூல் தையல், புதுக் கார்ப்பெற், இரவில் நிறம் மாறுகிற ஸ்பீக்கர். நான் நேரே ஏறி அணியத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டும் முன்னால் காற்று வாங்கிக்கொண்டு போவது கண்ணுக்குள் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் சித்தப்பா படகில் ஏறவேயில்லை. பின்னால் நின்று, காலின் அடியில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற தகட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் உந்திக்கொண்டிருந்தார்.

"இறங்கி இஞ்சை வா."

போய்ப் பார்த்தேன். அவர் உந்தும்போது காலோடு சேர்ந்து பின்சுவரும் அசைந்தது. பெரிதாக இல்லை, ஒரு நெல்லின் அளவு. காலுக்கும் சுவருக்கும் நடுவில் பூசியிருந்த வெள்ளைப் பசை ஒரு பக்கம் வாயைத் திறந்து மூடியது. பிறகு ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்ரிக் பிடியால் சுவரை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தார். மேலே 'டக், டக்' என்று காய்ந்த பலகைச் சத்தம். காலுக்கு அருகே, கீழே வர வர 'பொத், பொத்.' அழுகிய பூசணிக்காயைத் தட்டுகிற மாதிரி. எனக்கே விளங்கிவிட்டது.

பழைய படகுகளில் பெரும்பாலானவற்றின் பின்சுவர் முழுக்க ஃபைபர்கிளாஸ் அல்ல. நடுவில் ஒட்டுப்பலகை, இரண்டு பக்கமும் ஃபைபர்கிளாஸ் போர்வை. ஓட்டை வெட்டின இடத்தில், ஏணி பூட்டின இடத்தில், வடிகால் அடைப்பான் இருக்கிற இடத்தில் பலகையின் வெட்டுவாய் திறந்திருக்கும். அங்கே பூசிய பசை வெடித்தால் தண்ணீர் பலகைக்குள் போய்க் குடியிருக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு, உள்ளே ஊறின பிட்டு. காலின் முழுப் பாரமும் எஞ்சின் பாரத்தில் ஒரு பங்கும் அந்தச் சுவரில்தான் தங்கியிருக்கிறது. திருத்துவதென்றால் எஞ்சினைத் தூக்கி, காலைக் கழற்றி, பலகையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகக் கட்டவேண்டும். இந்த வயதுப் படகுக்கு அந்தச் செலவு படகின் விலையை விழுங்கிவிடும். சுவர் போனால் அநேகமாக அடியில் நீளவாக்கில் ஓடுகிற ஸ்டிரிங்கர் பலகைகளும் போயிருக்கும். புதுக் கார்ப்பெற்றை ஏன் போட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. ஏறிக் குதிக்காலால் மெல்ல மிதித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு இடத்தில் தரை பாண் மாதிரி அமுங்கியது.

விற்கிறவர் "எல்லாப் படகும் கொஞ்சம் அசையும்" என்றார். பத்து நிமிசத்தில் காருக்குள் இருந்தோம். திரும்பி வரும் வழியில் சித்தப்பா சொன்ன ஒரே வசனம்: "அடுத்தமுறை நேரே பின்னுக்குப் போ."

இரண்டாவது படகுக்குப் போகுமுன் கொஞ்சம் படித்துக்கொண்டேன். ரெலிபோனிலேயே மூன்று விஷயம் கேட்டேன். கடைசியாக எப்போது பெலோஸ் மாற்றினீர்கள்? போன மாரிக்கு எஞ்சினை யார் தயார்செய்தார், பற்றுச்சீட்டு இருக்கிறதா? நாங்கள் வருமுன் எஞ்சினை ஓடவிடாமல் வைத்திருக்க முடியுமா? மூன்றாவது கேள்விதான் என் கணக்கில் முக்கியம். சூடான எஞ்சின் உடனே பிடிக்கும்; குளிர்ந்த எஞ்சின்தான் உள்ளதைச் சொல்லும். ஒரிலியாப் பக்கம் இருந்த அந்த மனுசன், பெலோஸ் என்றால் என்னவென்று திருப்பிக் கேட்டார். மாரிக்கு ஒரு சிநேகிதன் செய்து தந்தானாம். எஞ்சினைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

தொடவில்லைத்தான். போனவுடன் எஞ்சின் மூடியைத் திறந்து புகைபோகிற மனிஃபோல்டில் கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. 4.3 லீற்றர் வீ-6. பின்சுவர் 'டக், டக்' என்று நல்லபடி பேசியது. அடித்தளம் காய்ந்து சுத்தமாக இருந்தது. எனக்குச் சந்தோசம். சித்தப்பாவுக்கு அந்தச் சுத்தம் பிடிக்கவில்லை. எஞ்சினின் இடப்பக்கம் மட்டும் கறுப்புப் பெயின்ற் புதிதாய் மினுங்கியதை அவர் கண்டுவிட்டார். பல்வைத்தியர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி அவரிடம் இருந்தது, கராஜ் காலத்துச் சாமான். அதை மனிஃபோல்டுக்குக் கீழே விட்டு, ரோச் அடித்து, நாலைந்து தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை என் கையில் தந்தார்.

எஞ்சின் வார்ப்பின் பக்கவாட்டில், பெயின்றுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு தடித்த கோடு. காயம் ஆறின தழும்பு மாதிரி. யாரோ வெடிப்பின்மேல் இப்பொக்சி பசை பூசி, தேய்த்து, கறுப்படித்திருக்கிறார்கள்.

ஸ்டெர்ன்டிரைவ் வாங்கப்போகிற ஒன்ராறியோக்காரர் முதலில் அறியவேண்டியது இந்த வெடிப்பைத்தான். இந்த வகைப் படகுகளில் பல, ஏரித் தண்ணீரையே உறிஞ்சி எஞ்சினுக்குள் ஓடவிட்டுக் குளிரவைப்பவை. கோடை முடிந்ததும் அந்தத் தண்ணீரை முழுக்க வடிக்கவேண்டும். வடிக்காவிட்டால் முதல் கடுங்குளிரில் உறைந்து ஒன்பது வீதத்துக்குக் கிட்ட விரியும். வார்ப்பிரும்பு விட்டுக்கொடுக்காது, வெடிக்கும். வெடிப்பது பக்கவாட்டிலும் இருக்கலாம், மேல் மனிஃபோல்டுக்கு அடியில், கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்திலும் இருக்கலாம். 'நான் பிங்க் அன்ரிஃபிறீஸ் ஓடவிட்டேன்' என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் உள்ளே தேர்மோஸ்டாட் மூடியிருக்கும். கீழே உறிஞ்சிய அன்ரிஃபிறீஸ் எஞ்சின் உடம்புக்குள் போகாமல் குறுக்குவழியால் புகைக்குழாய்க்குப் போய் வெளியே கொட்டும். பிங்க் நிறம் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு மனுசன் நிம்மதியாகப் போய்ப் படுப்பான். எஞ்சினுக்குள் நிற்பதோ பழைய ஏரித் தண்ணீர். வடிகால் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தண்ணீர் வராவிட்டால் கம்பி விட்டுக் குத்தவேண்டும். துருவும் மணலும் துளையை அடைத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாதது மாதிரிப் பாசாங்கு செய்யும்.

ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நுனியில் பால்தேத்தண்ணி நிறம். அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை.

விற்கிறவரைக் கூப்பிட்டு, கண்ணாடியையும் ரோச்சையும் கொடுத்து, பார்க்கச் சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அப்படியே படகின் விளிம்பில் குந்திவிட்டார். போன புரட்டாசியில்தான் இதை வாங்கினாராம். இரண்டே தரம் ஓட்டினாராம். வாங்கும்போது யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லையாம். உண்மையோ பொய்யோ, அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு நம்பத்தான் தோன்றியது. பழைய படகு விற்கிறவர்கள் எல்லாரும் கள்ளர் என்று நான் நினைக்கவில்லை. முதலில் மறைத்தவன் ஒருவன் இருப்பான். பிறகு வருகிற இரண்டு மூன்றுபேர் தெரியாமலே கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த வரிசையில் நாலாவது ஆளாக நிற்காமல் இருந்தால் சரி.

இங்கே புளோரிடாப் படகுகளைப்பற்றி ஒரு சொல். 'அங்கே குளிரில்லை, எஞ்சின் வெடிக்காது' என்று நண்பர் ஒருவர் ஆலோசனை தந்தார். வெடிக்காது, உப்புத் தின்னும். கடல்நீரையே நேரடியாக ஓடவிட்ட எஞ்சினில் மனிஃபோல்டும் அதன்மேல் இருக்கிற ரைசரும் ஐந்தாறு வருசத்தில் உள்ளிருந்து அரிபட்டுவிடும். அரித்த இடத்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினால் எஞ்சின் முடிந்தது. நல்ல தண்ணீரில் அதே பாகம் பல மடங்கு காலம் நிற்கும். நான் ஒன்ராறியோப் படகோடேயே நின்றுகொண்டேன்.

மூன்றாவது, பீற்றர்பரோவுக்குக் கீழே றைஸ் லேக் கரையில். விளம்பரத்தில் படமே வடிவில்லை. பதினெட்டடி, 2003ஆம் ஆண்டுப் படகு, மூன்று லீற்றர் நாலு சிலிண்டர் எஞ்சின், மெர்குரூசர் அல்ஃபா கால். சிவப்பு ஜெல்கோட் வெயிலில் வெளிறி றோசாவாகியிருந்தது. ஓட்டுநர் சீற் கிழிந்து பஞ்சு தெரிந்தது. மனுசிக்கு அனுப்பினேன். "இதையோ?" என்று ஒரு சொல்தான் பதில் வந்தது.

விற்றவர் எழுபது தாண்டின வெள்ளைக்காரர். ரெலிபோனில் மூன்று கேள்வியும் கேட்டபோது, "கொஞ்சம் பொறு, கொப்பியை எடுத்துவாறன்" என்றார். அந்த வசனத்திலேயே எனக்குப் பாதி மனம் விழுந்துவிட்டது. போனபோது உண்மையிலேயே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் எந்த ஆணி கழற்றினார், எத்தனை மணிநேரம் ஓடியது, எப்போது இம்பெல்லர் மாற்றினார் என்று பென்சிலால் எழுதியிருந்தார். ஆறு வருசத்துக்கு முன் பெலோஸ் மாற்றியதாகவும் இருந்தது. நாங்கள் நேரே பின்னுக்குப் போனோம். அவர் சிரித்தார்.

சுவர் அசையவில்லை. 'டக், டக்' மாறவில்லை. சித்தப்பாவுக்கு அது போதவில்லை. அனுமதி கேட்டு, எஞ்சின் பெட்டிக்குள் சுவரில் ஏதோ கம்பியைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரு ஸ்குரூவைக் கழற்றினார். நுனியில் ஒட்டிவந்த மரத்தூள் மஞ்சளாக, காய்ந்து இருந்தது. கறுத்து ஈரமாய் வந்திருந்தால் அங்கேயே விடைபெற்றிருப்போம். திரும்ப முடுக்குமுன் துளைக்குள் பசை விட்டுத்தான் முடுக்கினார்.

அடுத்தது கால். கியர் ஒயிலைப் பார்க்கக் காலின் அடியில் இருக்கிற ஆணியை ஒரு சுற்று இளக்கினால் போதும். இரவு முழுக்க நின்ற காலில் தண்ணீர் கனதியால் அடியில் போய் இருக்கும், முதல் துளியாக அதுதான் வரும். எங்களுக்குத் தேன் மாதிரித் தெளிவாய் வந்தது. பிறகு முழுக்கக் கழற்றிப் பார்த்த ஆணியின் காந்த நுனியில் மெல்லிய சாம்பல் மை. அது தேய்மானம், பரவாயில்லை. விரலில் குத்துகிற துண்டு இருந்தால் கியர் பல் உடைகிறது என்று அர்த்தம். காலைத் தூக்கி ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, பெலோஸ் மடிப்புகளுக்குள் ரோச் அடித்தோம். வெளியே நல்லபடி தெரிந்த இறப்பரில், மடிப்பின் உள்ளோரம் மயிர்க்கோடு மாதிரி வெடிப்புகள். ஓட்டை விழவில்லை, ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது. இந்த இறப்பர் கிழிந்தால் முதலில் தண்ணீர் நனைப்பது, சுழல்கிற தண்டைத் தாங்குகிற கிம்பல் பேரிங்கை. கவனிக்காமல் படகைத் தண்ணீரில் கட்டிவிட்டுப் போனால், விடிய வந்து பார்க்கப் படகு ஏரிக்கு அடியில் இருக்கும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டோம். தண்ணீர் இல்லாமல் ஓடவிடக்கூடாது; அல்ஃபா காலில் தண்ணீர் இறைக்கிற இறப்பர் இம்பெல்லர் காலுக்குள்ளேயே இருக்கிறது, காய்ந்து ஓடினால் அரை நிமிசத்தில் கருகத் தொடங்கும். காலின் இரண்டு பக்கத் துவாரத்தையும் காதடைப்பான் மாதிரி ஒரு சாமானால் மூடி, தோட்டத்து ஹோஸைப் பூட்டினார் கிழவர். திறப்பைத் திருப்புமுன், எஞ்சின் பெட்டிக் காற்றை வெளியே தள்ளுகிற ப்ளோவர் விசிறியை நாலு நிமிசம் ஓடவிட்டார். மணிக்கூடு பார்த்து, சரியாய் நாலு நிமிசம். சித்தப்பா என்னை இடித்து, "பாத்தியோ?" என்றார். ஊரில் எஞ்சின் வெளியே காற்றில் தொங்குகிறது, மண்ணெண்ணெய் குடிக்கிறது, எங்களுக்கு இந்தப் பயம் தெரியாது. இங்கே பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம். மூடின பெட்டிக்குள் அடியில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். அதனால்தான் இந்த எஞ்சின்களின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்தவை. பார்ப்பதற்குக் கார்ச் சாமான் மாதிரியே இருக்கும், காருடையதில் விலையும் குறைவு. காசு மிச்சம்பிடிக்கக் கார் ஆல்டர்னேட்டரைப் பூட்டிய படகுகள் ஏரிகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பெட்டிக்குள் தலையை விட்டு, கடலுக்குரிய பாகம்தானா என்று பாகத்தின்மேல் இருக்கிற எழுத்தை வாசியுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது மூக்குக்குப் பெற்றோல் மணம் பட்டால் திறப்பைத் தொடாதீர்கள்.

குளிர்ந்த எஞ்சின் இரண்டாவது சுற்றில் பிடித்தது. ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்லத் திருப்பச் சொல்லிவிட்டு நான் பின்னால் காதை வைத்தேன். நேராக நிற்கும்போது சத்தமில்லை. இடப்பக்கம் திரும்பத் திரும்ப, மாவாட்டுகிற கல் தூரத்தில் சுற்றுகிற மாதிரி ஒரு உறுமல். கிம்பல் பேரிங். பெலோஸைப் பார்த்தபோதே எதிர்பார்த்ததுதான்.

எஞ்சின் சூடானதும் ப்ளக்குகளைக் கழற்றிக் கொம்பிரஷன் பார்த்தோம். மானி சித்தப்பாவுடையது. 150, 155, 150, 145. எண்ணைவிட அதன் நெருக்கம் முக்கியம் என்பார் அவர். நாலும் கிட்டக் கிட்ட நின்றால் நிம்மதி. ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து வீதத்துக்குமேல் விழுந்திருந்தால் வீட்டுக்கு வரலாம்.

தண்ணீரில் இறக்காமல் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. விற்கிறவர் 'ஏரி இன்னும் குளிர், நேரமில்லை' என்று சாட்டுச் சொன்னால் பொறுத்திருந்து வைகாசியில் போங்கள். ஹோஸில் ஓடுகிற எஞ்சினுக்குச் சுமை இல்லை, அது விருந்தாளி மாதிரி நல்லபிள்ளையாக நடக்கும். கரையில் படகு வழுக்கித் தண்ணீரில் இறங்கியதும், ட்ரெயிலரிலிருந்து விடுமுன் அடித்தளத்தைப் பார்த்தோம். (இறக்குமுன், வடிகால் அடைப்பானைப் போட்டோமா என்று மூன்றுபேரும் ஒருவரையொருவர் கேட்டோம். கிழவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டார்.) ஏரிக்குள் போய் முழு வேகம். இந்த எஞ்சினுக்கு முழுத் திறப்பில் 4400க்கும் 4800க்கும் நடுவில் சுற்று வரவேண்டும். 4500 காட்டியது. குறைவாக வந்தால் புரொப்பெல்லர் பிழையாக இருக்கலாம், எஞ்சின் களைத்திருக்கலாம், அல்லது படகே ஊறிப் பாரமாகியிருக்கலாம். வெப்பமானி 160 ஃபாரன்ஹைட்டுக்குக் கிட்ட ஏறி அங்கேயே நின்றது. சித்தப்பா காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு அணியத்தில் உட்கார்ந்திருந்தார், வந்தபிறகு முதல்தரம் சிரித்த முகம். கரைக்கு வந்து கியரை நியூட்ரலுக்கு எடுத்தேன். எஞ்சின் விக்கி நின்றுவிட்டது.

திரும்பப் போட்டு எடுத்தேன். திரும்பவும் நின்றது. கிழவர் கொப்பியில் இது இல்லை. அல்ஃபா காலில் கியர் கழரும்போது எஞ்சினின் பொறியை ஒரு கணம் நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று உண்டு, கியர் இலகுவாகக் கழர்வதற்காக. காலுக்குள் போகிற கீழ்க் கேபிள் தேய்ந்து இறுகினால், அந்த ஒரு கணம் நீண்டு எஞ்சினே நின்றுவிடும். கரை கட்டுகிற நேரத்தில், முன்னால் அடுத்தவனுடைய படகு நிற்கும்போது இது நடந்தால் யோசித்துப் பாருங்கள். நல்லகாலம், பெலோஸ், கிம்பல் பேரிங், கீழ்க் கேபிள் மூன்றுக்கும் காலைக் கழற்றத்தான் வேண்டும். ஒரே கழற்றலில் மூன்றும் முடியும்.

கடதாசி வேலை சுருக்கம், ஆனால் விடவேண்டாம். பின்சுவரின் வெளிப்பக்கம் வலது மேல்மூலையில் பன்னிரண்டு எழுத்து இலக்கம் பொறித்திருக்கும், கடைசி இரண்டும் மாடல் ஆண்டு. அதையும் உரிமப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படகின்மேல் கடன் நிற்கிறதா என்று ஒன்ராறியோவின் பதிவில் தேடலாம். ட்ரெயிலருக்குத் தனிப் பத்திரம். ஓட்டப்போகிற உங்களுக்கு ஓட்டுநர் அட்டை வேண்டும். 2009 செப்டெம்பரிலிருந்து எஞ்சின் படகு ஓட்டுகிற எல்லா வயதினருக்கும் அது கட்டாயம். பெரிய படகு, பெரிய காசு என்றால் மரைன் சர்வேயரைக் கூப்பிடுங்கள், அடிக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். எனக்குச் சித்தப்பா இருந்தார்.

ஒன்பதாயிரம் கேட்டவரிடம், மூன்று பாகத்தின் விலையையும் கழற்றிப் பூட்டுகிற கூலியையும் அவருடைய கொப்பியின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினோம். ஏழாயிரத்து ஐந்நூறுக்குத் தந்தார். கொப்பியையும் தந்தார்.

ஆனிக்குள் மூன்று பாகமும் மாற்றியாகிவிட்டது. சீற் இன்னும் கிழிந்தபடிதான், மேலே ஒரு துவாய் விரித்திருக்கிறோம். இந்த வருசம் படகு பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கோ, கண்ணாடியும் கொம்பிரஷன் மானியும் இரவல் தரலாம். சித்தப்பாவை மட்டும் கேட்கவேண்டாம். சனி ஞாயிறுகளில் அவர் ஏரியில்.